உமியிலிருந்து பேட்டரிக்கான நானோ சிலிக்கன்: டெல்டாவில் முனைவர் பட்ட ஆய்வாக எடுக்கலாமா?

பாமணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள் நான். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, டெல்டாவிலேயே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறேன். நெல் உமியில் உள்ள சிலிக்காவைப் (சிலிக்கன் டை ஆக்சைடு) பிரித்தெடுத்து, அதை மக்னீசியத்தால் ஒடுக்கி, அதாவது அதன் ஆக்சிஜனை நீக்கி, நானோ சிலிக்கனாக்கி, லித்தியம் அயனி பேட்டரியின் அனோடாக (எதிர்மின் முனையாக) சோதிப்பது என்னும் தலைப்பை என் நெறியாளர் முன்வைத்திருக்கிறார். தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. திண்மநிலை இயற்பியல் பாடத்தில் ஆற்றல் பட்டைகளை வரைந்து படித்த அதே சிலிக்கன், எங்கள் வயலில் விளையும் நெல்லின் மேல்தோலிலும் அடங்கியிருக்கிறது என்பது என்னை ஈர்க்கிறது.

ஆனாலும் ஆய்வுக் குழுவின் முன் தலைப்பை உறுதி செய்வதற்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. எங்கள் பகுதியின் அரிசி ஆலைகளில் சாம்பல் மேடு மேடாகக் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா, அல்லது உமியை வாங்கி ஆய்வகத்தில் நாமே எரிக்க வேண்டுமா? எங்கள் துறையில் மஃபிள் உலை, குழாய் உலை, படிக அமைப்பை எக்ஸ் கதிரால் அறியும் எக்ஸ்ஆர்டி கருவி ஆகியவை உள்ளன. ஆனால் பேட்டரி செல் கட்டுவதற்கான ஆர்கான் குளோவ் பாக்ஸ் (காற்றுப் புகாமல் ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டி) இல்லை. இந்த நிலையில் அனோடு ஆய்வில் இறங்குவது முறையா? எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, இந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஏராளமான கட்டுரைகள் வந்துவிட்டன என்பதுதான். பிறர் செய்ததையே வேறு ஊர் உமியை வைத்துத் திரும்பச் செய்து, துகளின் அளவையும் மின்னேற்பையும் ஓர் அட்டவணையில் போட்டுப் பட்டம் வாங்க எனக்கு விருப்பமில்லை. உண்மையாகவே விடை தெரியாத கேள்வி ஏதேனும் இதில் மிச்சம் இருக்கிறதா? துறையில் இருப்பவர்களும் ஆலைத் தொழிலில் இருப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

மின்வேதி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பேட்டரிப் பொருள்களில் முனைவர் பட்டம் பெற்று அதே துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்குள்ள மூத்தவர்கள் என்னைவிட நன்றாக விடை சொல்வார்கள். வேதியியலும் ஆய்வகப் பாதுகாப்பும் சார்ந்தவற்றை நான் சொல்கிறேன்.

சிலிக்கனின் மேல் இவ்வளவு ஆர்வம் எழுந்ததற்குக் காரணம் எளிது. இன்று பெரும்பாலான பேட்டரிகளில் அனோடாக உள்ள கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னேற்பைக் கொள்ளும். சிலிக்கன் அறை வெப்பநிலையில் 3579 வரை கொள்ளும். ஆனால் லித்தியத்தை முழுவதும் ஏற்ற சிலிக்கன் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனுக்கு ஊதுகிறது. மின்னிறக்கத்தில் மீண்டும் சுருங்குகிறது. பெரிய துகள்கள் சில சுழற்சிகளுக்குள் விரிசல் விட்டு நொறுங்கிவிடும். படிகச் சிலிக்கன் துகளின் விட்டம் ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் முதல் ஏற்றத்தில் அது வெடிப்பதில்லை என்பதை 2012-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் நேரடியாகப் பார்த்தே நிறுவினார்கள். நானோ அளவுக்கான தேவை இங்கிருந்துதான் வருகிறது. உமியில் உள்ள சிலிக்கா இயல்பிலேயே நானோ துகள்களாக இருப்பதால் அதன்மேல் கண் பட்டது. உமியிலிருந்து மக்னீசியம் முறையில் சிலிக்கன் எடுக்கும் ஆய்வை ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் 1982-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பேட்டரி அனோடாக அதைக் காட்டிய கட்டுரைகள் 2013-இல் கொரியாவிலிருந்தும் ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் வந்தன. ஆகவே ‘செய்ய முடியுமா’ என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று.

ஆலைச் சாம்பலா, உமியா என்றால், தயங்காமல் உமியையே எடுங்கள். சிலிக்கா படிகமற்ற நிலையில் இருக்க வேண்டுமானால் எரிக்கும் வெப்பநிலை நம் கையில் இருக்க வேண்டும். கழுவிய உமியைச் சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, நடுநிலை வரும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, 600 முதல் 700 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் வெண்மையான தூள் கிடைக்கும். அமிலக் கழுவலை விட்டுவிட்டால், உமியில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவின் மேற்பரப்பைக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகச் செய்து, எரியாத கரியை உள்ளே பூட்டிவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் உலையில் வைத்தாலும் கரும்புள்ளிகள் போகா. எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 22 டிகிரியை ஒட்டி அகன்ற மேடு மட்டும் தெரிந்தால் படிகமற்ற சிலிக்கா. அதே இடத்தில் கூர்மையான முகடு எழுந்தால் கிரிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்கா உருவாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஒடுக்க வினையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. சிலிக்காத் தூளையும் மக்னீசியத் தூளையும் கலந்து 650 டிகிரியில் சூடாக்கினால் சிலிக்கனும் மக்னீசியம் ஆக்சைடும் கிடைக்கும். ஆர்கானில்தான் செய்ய வேண்டும். நைட்ரஜன் விட்டால் மக்னீசியம் நைட்ரைடு உருவாகும். வினை பெருமளவு வெப்பத்தை வெளியிடுவதால், உலை 650 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கலவையின் உள்ளே சிலிக்கனின் உருகுநிலையான 1414 டிகிரியையும் தாண்டிவிடக்கூடும். அப்படித் தாண்டினால் நானோ அமைப்பு உருகிப் பெரிய துகள்களாகிவிடும். உமியைத் தேடிப் போனதன் பயனே இல்லாமல் போகும். கலவையோடு உலர்ந்த சோடியம் குளோரைடைச் சேர்ப்பது இதற்காகத்தான்: 801 டிகிரியில் உருகும் உப்பு, மிகுந்து எழும் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். வெப்பநிலையை மெதுவாக உயர்த்துவதும், ஒரு முறைக்குச் சில கிராமுக்கு மேல் போடாமல் இருப்பதும் கட்டாயம்.

அடுத்தது அமிலக் கழுவல். மக்னீசியம் சற்று மிகுந்தாலும் மக்னீசியம் சிலிசைடு உருவாகியிருக்கும். அதன்மேல் அமிலம் பட்டவுடன் சிலேன் வாயு வெளிவந்து காற்றில் தானாகவே தீப்பற்றும். புகைக்கூண்டுக்குள், நிறைய அமிலத்தில், தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத்தான் போட வேண்டும். தூளின்மேல் அமிலத்தை ஊற்றுவது கூடவே கூடாது. எஞ்சிய சிலிக்காவை நீக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்தியதாகப் பல கட்டுரைகளில் படிப்பீர்கள். அந்த அமிலத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவரும், கால்சியம் குளுகோனேட் களிம்பும், தனியான வடிகால் ஏற்பாடும் இல்லாத ஆய்வகத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். எஞ்சிய சிலிக்கா இருந்துவிட்டுப் போகட்டும். எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதினால் போதும்.

இன்னொரு கணக்கையும் நீங்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிலோ சிலிக்கன் கிடைக்க, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 2.1 கிலோ சிலிக்காவும் 1.7 கிலோ மக்னீசியமும் தேவை. அந்த மக்னீசியம் எங்கிருந்து வருகிறது? உலகில் கிடைக்கும் மக்னீசியத்தின் பெரும்பகுதி பிட்ஜன் முறையில், சுட்ட டோலமைட்டை ஃபெரோசிலிக்கனால் (இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த உலோகக் கலவை) ஒடுக்கித்தான் எடுக்கப்படுகிறது. அங்கே இரண்டு மக்னீசியம் அணுக்களுக்கு ஒரு சிலிக்கன் அணு செலவாகிறது. நம் உலையில் அதே இரண்டு மக்னீசியம் அணுக்கள் ஒரு சிலிக்கன் அணுவைத் தருகின்றன. அதாவது சிலிக்கனைச் செலவிட்டுத்தான் சிலிக்கனைப் பெறுகிறோம். எனவே ‘கழிவிலிருந்து மலிவாகச் சிலிக்கன்’ என்ற வாதத்தை அறிமுக அத்தியாயத்தில் எழுதுமுன் இருமுறை யோசியுங்கள். இந்த வழியில் கிடைக்கும் சிலிக்கனுக்கு மதிப்பு உண்டென்றால், அது அதன் நுண்ணமைப்பில்தான் இருக்க முடியும்.

---

நீடாமங்கலம் அரவை எழுதியது:

நான் ஆய்வாளன் அல்லன்; நீடாமங்கலம் பக்கத்தில் புழுங்கலரிசி ஆலை நடத்துகிறவன். மேலே எழுதியவர் ஆலைச் சாம்பல் வேண்டாம் என்று சொன்னதற்கு ஆலைக்குள்ளிருந்து சில காரணங்களைச் சேர்க்கிறேன்.

உமியைக் கழிவு என்று எழுதுவதை மாணவர்கள் விட்டுவிட வேண்டும். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி வரும். நெல்லை அவிக்கவும் உலர்த்தவும் தேவையான நீராவிக்கு அந்த உமியைத்தான் பாய்லரில் எரிக்கிறோம். மிஞ்சுவதை வாங்கிப்போக ஆள் இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. உமி எரிந்தபின் மிஞ்சும் 40 கிலோ அளவு சாம்பலைத்தான் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கிறோம். செங்கல் சூளைக்கும் எஃகு ஆலைகளுக்கும் கொஞ்சம் போகிறது. மற்றது மேடாகிறது, காற்றடித்தால் பக்கத்து வீடுகளுக்குப் பறக்கிறது.

அந்தச் சாம்பல் ஒரே பொருள் அன்று. அடுப்பு வாயருகே விழுவது கறுத்திருக்கும், அதில் பாதி வெந்த உமியின் வடிவம்கூடக் கலையாமல் இருக்கும். புகைப்போக்கிப் பக்கம் படிவது வெளுத்து மாவாக இருக்கும். பாய்லரை நிறுத்திச் சுத்தம் செய்யும் நாளில், தட்டின்மேல் கண்ணாடி போல உருகி ஒட்டிக்கிடக்கும் கிட்டத்தைக் கடப்பாரையால் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். பொட்டாசியம் சிலிக்காவை உருகச் செய்யும் என்று மேலே படித்தபோது எனக்கு இந்தக் கிட்டம்தான் நினைவுக்கு வந்தது. போதாததற்கு, சாம்பல் பறக்காமல் இருக்க அதன்மேல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தெளிக்கிறோம். கடலை நெருங்க நெருங்க அந்தத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அந்த உப்பும் சுண்ணாம்பும் சாம்பலிலேயே தங்கிவிடுகின்றன.

உமி வாங்கும்போதும் கவனிக்க வேண்டியது உண்டு. பழைய ஹல்லர் இயந்திரத்தில் உமியும் தவிடும் நொறுங்கிக் கலந்தே வரும், அதை எடுக்காதீர்கள். ரப்பர் உருளையில் தோல் நீக்கும் ஆலையில் உமி முழுதாகத் தனியே பிரிந்து வரும். கொள்முதல் நெல் அரைக்கும் நாளில் பல ஊர் நெல்லும் பல ரகமும் கலந்திருக்கும். ஆகவே ஒரே விவசாயியின் ஒரே ரக நெல் அரவைக்கு வரும் நாளை ஆலைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஓடும்போது உருளையிலிருந்து உமி விழும் இடத்திலேயே சாக்கைப் பிடித்து வாங்கிவிட வேண்டும். உமிக் கிடங்குக்குள் போனபிறகு எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. பச்சை நெல் உமியா, புழுங்கல் உமியா என்றும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீரில் ஊறி ஆவியில் வெந்த உமியும் வேகாத உமியும் ஒன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆலைக்கு வந்தாலும் கொடுக்கிறோம். சாம்பலுக்கு ஒரு வழி பிறந்தாலும் மகிழ்வோம்.

---

அரசலாறு எழுதியது:

அம்மா, வணக்கம். கும்பகோணத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் நான் மதிப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். மின்வேதி அவர்கள் ஒரு முடிவை எட்டிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார். நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தச் சிலிக்கனுக்கு மதிப்பு அதன் நுண்ணமைப்பில்தான் என்றால், அந்த நுண்ணமைப்பு உண்மையில் நெல் தந்ததா, உலை தந்ததா? நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிசிக் அமிலத்தை வேரால் உறிஞ்சி, உமியின் வெளித்தோலில் நீர் கலந்த படிகமற்ற சிலிக்காவாகப் படியவைக்கிறது. வேரில் அதை உள்ளே கடத்தும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். ‘இயற்கை கட்டிய இந்த அமைப்பு ஒடுக்கத்திற்குப் பின்னும் நிலைத்திருக்கிறது, அதனால்தான் அனோடு நன்றாக இயங்குகிறது’ என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதப்படுகிறது. எழுதியவர்களில் மிகச் சிலரே ஒப்பீட்டுச் சோதனையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும், ஏறத்தாழ அதே மேற்பரப்புள்ள சிலிக்காவை எடுத்து, அதே உலையில், அதே உப்பு, அதே மக்னீசியம், அதே கழுவல் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒடுக்கினால் என்ன கிடைக்கிறது? இரண்டும் ஒன்றேபோல் இயங்கினால், நெல்லுக்கு இதில் தனிப் பங்கு இல்லை என்று நேர்மையாக எழுதலாம். வேறுபட்டால், அந்த வேறுபாடு துளைகளால் வந்ததா, எஞ்சிய மாசுகளால் வந்ததா என்று தேடலாம். எந்தப் பக்கம் விடை வந்தாலும் அது ஆய்வேடு ஆகும். விடை எப்படி வந்தாலும் வீணாகாத கேள்வியைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாசுகளைப் பற்றிச் சொன்னேன். இயற்பியல் மாணவியான உங்களுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. நெல்லில் பாஸ்பரஸ் உண்டு, தவிட்டில் மிகுதி. ஹல்லர் உமி வேண்டாம் என்று ஆலைக்காரர் சொன்னதன் முழுப் பொருள் இங்கே விளங்கும். சிலிக்கன் படிகத்துக்குள் நுழைந்த பாஸ்பரஸ் எலக்ட்ரான் வழங்கியாக மாறும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உருகிய சிலிக்கனை மெல்ல உறையவைத்துத் தூய்மைப்படுத்தும்போது இரும்பு ஏறத்தாழ முழுவதும் உருகிய பகுதியிலேயே தங்கிவிடும். ஆனால் பாஸ்பரஸின் பங்கீட்டுக் கெழு (உறைந்த பகுதியில் உள்ள மாசுக்கும் உருகிய பகுதியில் உள்ளதற்கும் இடையிலான விகிதம்) 0.35, போரானுடையது 0.8. அதனால் அவ்விரண்டையும் அப்படி விரட்ட முடியாது. உமிச் சிலிக்கனைக் கொண்டு மின்னணுச் சில்லு செய்யலாம் என்று செய்தித்தாள்களில் வருவது இதனால்தான் பொருந்தாது. சில்லுக்கு ஒன்பது இலக்கத் தூய்மைக்கும் (99.9999999 சதவீதம்) மேல் வேண்டும். பேட்டரிக்கு அந்தத் தூய்மை தேவையில்லை. ஒருவேளை சிறிதளவு பாஸ்பரஸ் மின்கடத்துதிறனை உயர்த்தி நன்மையே செய்யலாம். அமிலத்தில் கழுவிய உமி, கழுவாத உமி, கடைச் சிலிக்கா ஆகிய மூன்றிலிருந்தும் வரும் சிலிக்கனில் பாஸ்பரஸ் எவ்வளவு, அது படிகத்துக்குள் இருக்கிறதா, துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துக் காட்டுவது மின்னணுப் பொருளியல் சார்ந்த கேள்வி. அதற்குக் குளோவ் பாக்ஸ் வேண்டியதில்லை.

அளவீட்டில் கவனம் தேவை. எக்ஸ்ஆர்டி முகட்டின் அகலத்தை ஷெர்ரர் சமன்பாட்டில் போட்டால் வருவது படிகப் பகுதியின் அளவே தவிர, துகளின் அளவு அன்று. கருவி தானாகத் தரும் அகலிப்பைத் திட்டப் பொருளைக் கொண்டு அளந்து கழிக்காவிட்டால் அதுவும் பிழை. சிலிக்கனின் முகடுகள் 28.4, 47.3, 56.1 டிகிரிகளில் வரும், 42.9-இல் ஏதேனும் தெரிந்தால் மக்னீசியம் ஆக்சைடு முழுவதும் கழுவப்படவில்லை. ராமன் நிறமாலையில் சிலிக்கனின் கோடு 520 செ.மீ⁻¹-ஐ ஒட்டி வரும். துகள் மிகச் சிறிதானால் அது கீழே நகர்ந்து ஒருபக்கமாகச் சாயும். மாசு மிகுந்தாலும் வடிவம் மாறும். லேசர் வெப்பத்தால் தூள் சூடானாலும் கீழே நகரும். இம்மூன்றையும் பிரித்தறிய, லேசர் திறனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், கோட்டின் இடம் மாறாமல் நிற்கும் நிலையில் அளவெடுங்கள். தூளை அழுத்தி வில்லையாக்கி மின்கடத்துதிறன் அளந்தால், துகள்களுக்கிடையே உள்ள ஆக்சைடுப் படலத்தின் தடையும் சேர்ந்தே வரும். மாறுதிசை மின்னோட்ட மின்மறுப்பு முறையில் வெவ்வேறு அதிர்வெண்களில் அளந்தால்தான் துகளின் உட்பகுதியையும் எல்லைகளையும் ஓரளவு பிரிக்க முடியும்.

உமியை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற ரகங்கள் அங்கே உருவானவை. உங்கள் நெறியாளர் முறையாகக் கடிதம் எழுதினால், ரகமும் பருவமும் உரமிட்ட விவரமும் தெரிந்த நெல்லைப் பெற முயலலாம். ரகத்துக்கு ரகம் நெல் ஏற்கும் சிலிக்காவின் அளவு மாறும். குறுவையில் ஒரு ரகம், சம்பாவில் ஒரு ரகம் என்று இரண்டே மாதிரிகளோடு தொடங்குங்கள். பத்து ரகத்தை எடுத்து மேலோட்டமாக முடிப்பதைவிட, இரண்டை எடுத்து ஆழமாகச் செய்வதே நல்லது.

---

பாமணிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பீட்டுச் சோதனை என்ற கருத்தை நெறியாளரிடம் எடுத்துச் சொன்னேன். அதையே ஆய்வின் மையமாக வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நீடாமங்கலம் ஐயாவின் ஆலைக்கு நெறியாளரின் கடிதத்தோடு வருகிறேன். பச்சை உமி, புழுங்கல் உமி இரண்டையும் ஒரே ரகத்தில் வாங்க விரும்புகிறேன்.

மின்வேதி அண்ணனிடம் இன்னொரு கேள்வி. பொருளின் அமைப்பையும் மின்கடத்துதிறனையும் எங்கள் துறையிலேயே அளந்துவிடலாம் என்று இப்போது நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் ‘அனோடாக இயங்குகிறதா’ என்பதைக் காட்டாமல் விட்டால் ஆய்வு பாதியில் நின்றதுபோல் இருக்கும். வெளியில் எங்கே, எந்த நிலையில் எடுத்துச் சென்று சோதிக்கலாம்? எலக்ட்ரோடு பூசுவது வரை எங்கள் ஆய்வகத்தில் செய்துவிடலாமா?

---

மின்வேதி எழுதியது:

பூசுவது வரை தாராளமாகச் செய்யலாம். சிலிக்கனுக்கு வழக்கமான பிவிடிஎஃப் பசையைவிட, நீரில் கரையும் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் அல்லது சோடியம் ஆல்ஜினேட் பொருத்தமானது. ஊதிச் சுருங்கும் துகள்களை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நச்சுக் கரைப்பானும் தேவைப்படாது. தாமிரத் தகட்டில் பூசி, வெற்றிட அடுப்பில் உலர்த்தி, வட்டங்களாக வெட்டி, காற்றுப் புகாமல் மூடி எடுத்துச் செல்லலாம். செல்லுக்குள் வைக்குமுன் குளோவ் பாக்ஸோடு இணைந்த வெற்றிட அறையில் மீண்டும் உலர்த்தச் சொல்லுங்கள்.

இடத்துக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாக ரயில் பாதையே இருக்கிறது. நெறியாளர் வழியாகக் கூட்டாய்வுக்கோ கட்டண அடிப்படையிலான சோதனைக்கோ கேட்டுப் பாருங்கள். நாடு முழுவதும் உள்ள ஆய்வுக் கருவிகளைத் தேடிப் பதிவு செய்ய மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளமும் இருக்கிறது. சென்னை ஐஐடியின் கருவி மையம் போன்றவற்றில் நுண்ணோக்கிப் படங்களும் எடுத்துக்கொள்ளலாம். எங்கே போனாலும், மாதிரி தயாரித்தவர் நேரில் உடனிருந்து பார்ப்பது நல்லது.

நீங்களே இப்போது செய்து வைக்க வேண்டிய முக்கியமான வேலை எடை. ஒரு சிறு செல்லுக்கான வட்டத்தில் ஏறும் பொருள் அரை மில்லிகிராம் அளவே இருக்கலாம். உங்கள் துறைத் தராசு நான்கு தசம இலக்கம் காட்டுவது என்றால், அதன் கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராம், ஒரு இலக்கம் தவறினாலே 20 சதவீதப் பிழை. கிராமுக்கு 2500 மில்லி ஆம்பியர்-மணி என்று நீங்கள் எழுதுவது உண்மையில் 2000 ஆகவோ 3000 ஆகவோ இருக்கக்கூடும். உமிச் சிலிக்கனுக்கும் கடைச் சிலிக்காவிலிருந்து வரும் சிலிக்கனுக்கும் இடையே நீங்கள் தேடும் வேறுபாடே அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். ஆறு இலக்கத் தராசு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதே தகட்டில் பூசாத வட்டங்கள் பலவற்றையும் வெட்டி எடைபோட்டு, தகட்டின் எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைச் செல்லில் எதிர்முனை லித்தியம் உலோகம். அதில் லித்தியம் தாராளமாக இருப்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் சிலிக்கனின் மேற்பரப்பில் படலமாகி வீணாகும் லித்தியம் கணக்கில் தெரியாது. முழுச் செல்லில் லித்தியம் அளவாகத்தான் இருக்கும். கூலும் திறன், அதாவது ஒரு சுழற்சியில் ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 99 சதவீதம் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் முழுச் செல்லில் 100 சுழற்சிகளுக்குப் பின் மிஞ்சுவது ஏறத்தாழ 37 சதவீதம்தான். 99.9 ஆக இருந்தால் 90 சதவீதம் மிஞ்சும். எனவே மின்னேற்பைவிடக் கூலும் திறனை, அதுவும் முதல் சுழற்சியின் திறனைத் தனியே, முன்னிலைப்படுத்தி எழுதுங்கள். துளை மிகுந்த பொருளில் மேற்பரப்பு மிகுதி, ஆகவே முதல் சுழற்சி இழப்பும் மிகுதி. நெல் தந்த நுண்ணமைப்பு அங்கே உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யலாம். அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது மூன்று செல்களாவது கட்டி, மூன்றின் முடிவையும் வெளியிடுங்கள். சம்பா நெல் அரவைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை கடைச் சிலிக்காவை வைத்து உலையின் வெப்ப ஏற்றத்தையும், உப்பின் விகிதத்தையும், கழுவல் முறையையும் நிலைநிறுத்திவிட்டீர்கள் என்றால், உமி கைக்கு வரும்போது மாறுவது அது ஒன்றாக மட்டும் இருக்கும்.